கையெழுத்துக்கு முன்னால் கரையைக் கேளுங்கள்

நாடாளுமன்ற வெளியுறவு நிலைக்குழுவின் மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

நான் பாம்பனில் பிறந்தவள். என் தகப்பனார் விசைப்படகில் டிரைவராக இருந்தவர். இருபத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் அரசியல் அறிவியல் நடத்திவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறேன். வெளியுறவுக் கொள்கைப் பாடத்தைத் தொடங்கும் வாரத்தில் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் யாராவது ஒருவர் எழுந்து கேட்பார்: "மேடம், கச்சத்தீவு ஒப்பந்தத்தை யாரைக் கேட்டுப் போட்டாங்க?" பெரும்பாலும் அது கடற்கரையிலிருந்து வந்த பிள்ளையாக இருக்கும். கோபத்தில் கேட்கும் கேள்விதான் அது. ஆனால் நான் நடத்த வேண்டிய பாடம் முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

யாரையும் கேட்க வேண்டிய கட்டாயம் அன்றைக்கு இல்லை. இன்றைக்கும் இல்லை. வகுப்பில் இந்தப் பதிலைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். அந்த வெட்கத்தை உங்களிடம் கொண்டுவந்து வைக்கவே இந்த மடல்.

ஒன்றியத்துக்கும் மாநிலங்களுக்கும் அதிகாரங்களைப் பிரித்துத் தரும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணை உங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்றியப் பட்டியலில் 10ஆம் பதிவு வெளியுறவு. 14ஆம் பதிவு, அயல்நாடுகளோடு உடன்படிக்கை செய்துகொள்வதும் அதை நிறைவேற்றுவதும். அந்தப் பதிவின் கீழ்ச் சட்டம் இயற்றும் அதிகாரம் உங்கள் இரு அவைகளுக்கும் உண்டு. உடன்படிக்கை எப்படிப் பேசப்பட வேண்டும், யாரைக் கலந்துகொள்ள வேண்டும், எந்தக் கட்டத்தில் அவைக்கு வர வேண்டும் என்று வரையறுக்கும் சட்டம் ஒன்று குடியரசு பிறந்த நாளிலிருந்து இன்றுவரை வரவில்லை. சட்டம் இல்லாத இடத்தை 73ஆம் பிரிவு தரும் நிர்வாக அதிகாரம் நிரப்பிவிடுகிறது. வெளியுறவு அமைச்சகம் வரைவு எழுதும், அமைச்சரவை ஒப்புக்கொள்ளும், கையெழுத்தாகிவிடும். அதன்பிறகு அவையில் ஓர் அறிக்கை வைக்கப்படும். சில வேளை அதுவும் இருக்காது.

கரையில் இருப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். படகைப் பதிவு செய்வது மாநில மீன்வளத் துறை. கடலுக்குப் போக டோக்கன் கொடுப்பதும் மானிய டீசல் கொடுப்பதும் அதே துறை. மீன்வளம் மாநிலப் பட்டியலின் 21ஆம் பதிவு. ஆட்சிக்கடலுக்கு, அதாவது நாட்டின் ஆட்சிக்குள் வரும் கரையோரக் கடலுக்கு, அப்பால் மீன் பிடிப்பது ஒன்றியப் பட்டியலின் 57ஆம் பதிவு. அந்தக் கடலின் குறுக்கே கோடு போடுவது வெளியுறவு. டோக்கன் கொடுத்த அலுவலரிடம் போய்க் கோட்டைப் பற்றிக் கேட்டால், அது டெல்லி விஷயம் என்பார். டெல்லியில் கேட்டால், அது 1974இல் முடிந்துபோன விஷயம் என்பார்கள்.

அந்த 1974க்கு வருகிறேன். ஜூன் 26 அன்று கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்கவும், 28 அன்று டெல்லியில் இந்திரா காந்தியும் பாக் நீரிணையில் எல்லைக்கோடு வகுக்கும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். கோடு கச்சத்தீவின் மேற்குக் கரைக்கு ஒரு மைல் அப்பால் விழுந்தது. 285 ஏக்கர் தீவு இலங்கைப் பக்கம் போயிற்று. ஜூலை 8 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் அறிக்கை வைத்தது ஜூலை 23 அன்று. உங்கள் அவைக்குச் செய்தி வந்தபோது உடன்படிக்கைக்கு வயது பதினைந்து நாள். ராமநாதபுரம் உறுப்பினர் மூக்கையாத் தேவரும் இரா. செழியனும் எழுந்து எதிர்த்தார்கள். தம் தொகுதிக் கடலில் எல்லை போட்ட செய்தியை எல்லாம் முடிந்த பிறகு அவையில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது அந்தத் தொகுதியின் உறுப்பினருக்கு. உறுப்பினர்களே, அந்த இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்.

உடன்படிக்கையில் எங்களுக்கென்று இரண்டு பிரிவுகள் இருந்தன. இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் வழக்கம்போல் கச்சத்தீவுக்குப் போகலாம், அதற்குப் பயண ஆவணமோ விசாவோ வேண்டாம் என்றது 5ஆம் பிரிவு. இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் வழிவழியாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது 6ஆம் பிரிவு. என் சிறுவயதில் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர்கள் இந்த இரண்டையும் வேதவசனம்போலச் சொல்வார்கள். தீவு போனாலும் கடல் போகவில்லை என்று நம்பினார்கள்.

1976 மார்ச் 23 அன்று மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை போட்டு இரண்டாவது உடன்படிக்கை வந்தது. அதே நாளில் இந்திய வெளியுறவுச் செயலர் கேவல் சிங்கும் இலங்கை வெளியுறவுச் செயலர் ஜயசிங்கவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில், அந்த நாட்டின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்றன அந்தக் கடிதங்கள். 6ஆம் பிரிவை நம்பியிருந்த கரைக்கு இது எப்படி வந்தது? இரண்டு அதிகாரிகளின் கடிதமாக வந்தது. அப்போது நாட்டில் நெருக்கடி நிலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தார்கள். தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே இல்லை. ஜனவரி 31 அன்றே அது கலைக்கப்பட்டிருந்தது. கேட்க ஆள் இல்லாத நேரத்தில் எங்கள் கடலைப் பற்றிய மிகப் பெரிய முடிவு எடுக்கப்பட்டது.

அந்தப் பேரத்தில் இந்தியாவுக்குக் கிடைத்ததும் உண்டு. குமரி முனைக்குத் தெற்கே மீன்வளம் நிறைந்த வெட்ஜ் பேங்க் என்ற கடற்பகுதி நம் கைக்கு உறுதியானது. ஒரு நாட்டின் தலைமை எதைக் கொடுத்து எதை வாங்குவது என்று கணக்குப் பார்க்கத்தான் செய்யும். அண்டை நாட்டோடு நல்லுறவும் பெரிய வரவுதான். இதையெல்லாம் வகுப்பில் நானே நடத்தியிருக்கிறேன். ஆனால் பாம்பன் கொடுத்து, குமரி வாங்கும் கணக்கைப் பாம்பன்காரன் காதில் போடாமலே முடித்துவிட்டால், அவன் பார்வையில் அது பேரமாக இருக்காது, பறிப்பாகத்தான் இருக்கும். ஐம்பது ஆண்டுக்குப் பிறகும் கச்சத்தீவு தேர்தல் மேடையில் எரிவதற்கு இதுதான் காரணம்.

2024 தேர்தல் நேரத்தில் சில பழைய ஆவணங்கள் வெளியே வந்தன. கையெழுத்துக்குச் சுமார் ஒரு வாரம் முன்பு வெளியுறவுச் செயலர் சென்னைக் கோட்டைக்கு வந்து அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதியைச் சந்தித்தார் என்றன அவை. உடனே, அவருக்கு முன்கூட்டியே தெரியும் என்றது ஒரு தரப்பு. சட்டமன்றத்தில் எதிர்த்துத் தீர்மானம் போட்டவரே அவர்தான் என்றது மறு தரப்பு. இரு தரப்பும் வாதாடிக் களைக்கட்டும். எனக்கு அந்தச் சந்திப்பில் படுவது வேறு. மூடிய அறையில் நடந்த கலந்தாலோசனையில் யார் என்ன சொன்னார்கள் என்று அரை நூற்றாண்டு கழித்து ஆவணக் கட்டைப் பிரித்துத் தேட வேண்டியிருக்கிறது. அன்றைக்கே சட்டமன்றத்திலும் உங்கள் அவையிலும் வரைவு வைக்கப்பட்டிருந்தால், யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள் என்பது பெயரோடு பதிவாகியிருக்கும். கரை தன் தீர்ப்பை அடுத்த தேர்தலிலேயே சொல்லியிருக்கும்.

நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும் என்று, மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கும் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் 1960இல் சொல்லியிருக்கிறது. அதற்காகவே ஒன்பதாம் திருத்தம் வந்தது. கச்சத்தீவைப் பொறுத்தவரை அது யாருடையது என்பதே சர்ச்சையில் இருந்தது, ஆகவே எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, எல்லையைத் தெளிவுபடுத்தினோம் என்பது அரசின் நிலை. ராமநாதபுரம் சமஸ்தானத்து ஜமீன் பதிவுகளைக் காட்டி அதை மறுப்பவர்கள் உண்டு. ஜெயலலிதா 2008இல் உச்ச நீதிமன்றம் போனார். தீவை மீட்கப் போர்தான் தொடுக்க வேண்டும் என்று 2014இல் அங்கே சொன்னார் ஒன்றிய அரசின் அன்றைய தலைமை வழக்கறிஞர் முகுல் ரோத்தகி. சட்டம் தெரிந்தவர்கள் அந்த வழக்கைப் பார்த்துக்கொள்ளட்டும். தீவைத் திருப்பி வாங்கித் தாருங்கள் என்று கேட்டு நான் இந்த மடலை எழுதவில்லை. கரையில் இதைப் படிக்கும் என் உறவினர் சிலருக்கு இந்த வரி கசக்கும். அவர்களிடம் நேரில் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

இன்னொரு எல்லையைக் காட்டுகிறேன். அதே 1974இல், கச்சத்தீவு உடன்படிக்கைக்கு ஆறு வாரம் முன்பு, மே 16 அன்று இந்திரா காந்தியும் வங்கதேசப் பிரதமர் ஷேக் முஜிபுர் ரஹ்மானும் நில எல்லை உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். வங்கதேசத்துக்குள் 111 இந்தியத் திட்டுகளும், இந்தியாவுக்குள் 51 வங்கதேசத் திட்டுகளும் சிக்கிக் கிடந்தன. அவற்றை மாற்றிக்கொள்வதுதான் உடன்படிக்கை. இங்கே நிலம் கைமாறுகிறது என்று அரசே ஒப்புக்கொண்டதால் அரசியலமைப்புத் திருத்தம் தேவைப்பட்டது. அந்த மசோதாவை ஆராய்ந்தது வேறு யாருமல்ல, உங்கள் நிலைக்குழுதான். 2014 டிசம்பரில் குழு ஆதரித்து அறிக்கை கொடுத்தது. 2015 மே மாதம் இரு அவைகளும் ஒருமனதாக நிறைவேற்றின. நூறாவது திருத்தம் அது. ஜூலை 31 நள்ளிரவில் திட்டுகள் கைமாறின. எந்த நாட்டுக் குடிமகனாக இருக்க விரும்புகிறாய் என்று ஒவ்வொரு குடும்பமும் கேட்கப்பட்டது. பெரும்பாலோர் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டார்கள். ஒரு சிறு பகுதியினர் மூட்டைமுடிச்சோடு இந்தியாவுக்கு வந்தார்கள்.

ஒரே பிரதமர், ஒரே ஆண்டு, இரண்டு அண்டை நாடுகள். ஒன்றில் பதினைந்து நாள் கழித்து அறிக்கை. மற்றதில் நாற்பத்தோரு ஆண்டு காத்திருப்பு. இரண்டாவதைத் தூக்கிப் பிடிக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த நாற்பத்தோரு ஆண்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஓட்டு, மின்சாரம், பள்ளிக்கூடம் எதற்கும் உரிமை கோர முடியாத திட்டுகளில் கிடந்தார்கள். ஆனால் அந்தத் தாமதம் நாடாளுமன்றம் ஆராய்ந்ததால் வந்ததல்ல. மசோதா முதன்முதலாக மாநிலங்களவைக்கு வந்ததே 2013இல்தான். உங்கள் குழு அறிக்கை தந்த ஐந்தே மாதத்தில் வேலை முடிந்தது. அவையைக் கலந்தால் காரியம் இழுத்துப்போகும் என்று சொல்பவர்களுக்கு உங்கள் குழுவின் அந்த அறிக்கையையே நான் பதிலாகக் காட்டுவேன்.

மாநிலத்தைக் கேட்டால் மாநிலம் முட்டுக்கட்டை போடும் என்ற அச்சம் வேறு. அதில் உண்மை இருக்கிறது. 2011 செப்டம்பரில் மன்மோகன் சிங் டாக்கா போனபோது அன்றைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜி கூடப் போக மறுத்தார். தீஸ்தா நதிநீர் உடன்படிக்கை அன்று நின்றதுதான், இன்னும் எழவில்லை. ஆனால் 1996இல் கங்கை நீர் உடன்படிக்கை வந்ததற்கு அதே மேற்கு வங்கத்தின் முதல்வர் ஜோதி பாசு முன்நின்று பேசியதும் ஒரு காரணம். அந்த உடன்படிக்கையின் முப்பது ஆண்டுகள் 2026 டிசம்பரில் நிறைகின்றன. முதலமைச்சரின் மனநிலையைப் பொறுத்து அமையும் வெளியுறவு நாட்டுக்கு நல்லதல்ல. அதனால்தான் சொல்கிறேன், மாநிலத்துக்கு முன்கூட்டியே பேச வாய்ப்பும் அதற்கொரு கெடுவும் சட்டத்தில் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் விமானம் ஏற மறுப்பதற்கான வாய்ப்பு அப்போது குறையும். ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 32ஆம் பிரிவில் இதைத்தான் செய்திருக்கிறது: ஒரு மாநிலத்தின் தனி நிலைமைகளைத் தொடும் உடன்படிக்கை என்றால் அந்த மாநிலத்தை உரிய காலத்தில் கலந்துகொண்டாக வேண்டும். முடிவு கூட்டாட்சி அரசிடமே இருக்கும்.

பிரிட்டனில் முதல் உலகப் போரின் இரகசிய உடன்படிக்கைகள் மீது எழுந்த கோபத்திலிருந்து 1924இல் ஒரு மரபு பிறந்தது. உடன்படிக்கையை உறுதிசெய்யும் முன் நாடாளுமன்றத்தின் முன் 21 அமர்வு நாட்கள் வைக்க வேண்டும். 2010இல் அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1996 முதல் உடன்படிக்கைகளை ஆராய ஒரு கூட்டுக்குழு இருக்கிறது. பெல்ஜியத்தின் வல்லோனியா வட்டாரம் 2016 அக்டோபரில் கனடாவுடனான ஐரோப்பிய வர்த்தக உடன்படிக்கையையே சில நாள் நிறுத்திவைத்து, தன் விவசாயிகளுக்கு விளக்கம் வாங்கிக்கொண்டது. உடன்படிக்கை அந்த மாதமே கையெழுத்தானது. இவை எதுவும் அந்த நாடுகளின் வெளியுறவை முடக்கிவிடவில்லை.

நார்வேயை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது எங்கள் கதையின் மறுபுறம். பேரண்ட்ஸ் கடலில் நார்வேக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் எல்லை எது என்று முடிவாகவில்லை. பனிப்போர் காலம். ஒரு பக்கம் நேட்டோ நாடு, மறு பக்கம் அணு நீர்மூழ்கிகளின் தளம். அப்படியிருந்தும் 1975இல் இரு நாடுகளும் கூட்டு மீன்வள ஆணையம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டன. ஆண்டுதோறும் உட்கார்ந்து, கடலில் எவ்வளவு காட் மீன் இருக்கிறது, இந்த ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம், யாருக்கு எவ்வளவு என்று பேசிப் பங்கிட்டார்கள். நார்வேத் தரப்பில் அதிகாரிகளோடும் விஞ்ஞானிகளோடும் மீனவர் அமைப்பின் ஆட்களும் அந்த மேசையில் உட்காருகிறார்கள். எல்லைக்கோடு 2010இல்தான் போடப்பட்டது. உக்ரைன் போர் வந்து உறவு முறிந்த பிறகும் ஆணையம் ஒதுக்கீடு பேசுவதை நிறுத்தவில்லை. அவர்கள் கோட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மீனை முதலில் பங்கிட்டார்கள். நாம் கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் கோட்டைப் போட்டுவிட்டு மீனைப் பற்றிப் பேசாமல் எழுந்து வந்துவிட்டோம்.

பேசாமல் விட்ட அந்த மீனால் வந்த வினையைச் சொல்ல நான் எங்கள் ஆட்களைப் பற்றியும் பேச வேண்டும். அதைச் சொல்லாவிட்டால் இந்த மடல் நேர்மையற்றதாகிவிடும்.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குச் சிறுமியாக அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வரும் ஆட்களிடம் தேங்காய் எண்ணெய், சோப்பு, பனங்கட்டி எல்லாம் கைமாறும். கல்யாணப் பேச்சுகூட நடக்கும் என்பார் அம்மாச்சி. போர்க்காலத்தில் திருவிழா நின்றுபோய், 2009க்குப் பிறகு மறுபடி தொடங்கியது. பல ஆண்டு கழித்து நான் போனபோது நெடுந்தீவுப் பக்கத்துப் பெண் ஒருவர் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். பூசை முடிந்து பேச்சுக்கொடுத்தேன். பாம்பன் என்றதும் முகம் மாறிவிட்டது. "உங்கட ஆக்கள் மீன் பிடிக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும் அக்கா. எங்கட வலையை அறுத்துக்கொண்டு போறதை எப்பிடிப் பொறுக்கிறது? கடன் வாங்கிப் போட்ட வலை அது" என்றார். எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "உங்களுக்கு மீன்பிடித் தடைக்காலம் வந்தால்தான் எங்களுக்குக் கடல் வரும்."

போர் நடந்த ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டும் வட இலங்கை மீனவர்கள் கடலுக்குப் போகத் தடை, மோட்டாருக்குத் தடை, இரவுக்குத் தடை என்று கரையிலேயே கிடந்தார்கள். அந்தக் காலத்தில் எங்கள் விசைப்படகுகள் பெருகின. இழுவைமடி கடலின் அடியைச் சீய்த்துக்கொண்டு போகும். இறாலோடு குஞ்சு, நண்டு, பாசி எல்லாம் ஏறும். சங்காயம் என்று தீவன ஆலைக்கு விற்போம். எங்கள் பக்கம் வளம் வற்றியது. அந்தப் பக்கம் போனோம். போர் முடிந்து அவர்கள் சிறு படகும் வலையுமாகக் கடலுக்கு வந்தபோது எதிரே வந்தது எங்கள் மடி. இரு பக்கமும் தமிழர்கள், இரு பக்கமும் அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏற்றுபவர்கள். 2017இல் இலங்கை இழுவைமடியை முற்றாகத் தடைசெய்தது. அடுத்த ஆண்டு அயல்நாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைப் பல மடங்கு உயர்த்தியது. கைதும் படகுப் பறிமுதலும் துப்பாக்கிச் சூடும் நியாயம் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். தகப்பன் திரும்பி வருவாரா என்று கரையில் நின்று விடியும்வரை பார்த்திருந்த பிள்ளை நான். ஆனால் அந்தப் பெண்ணுடைய வலைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. தீவு நாளைக்கே திரும்பி வந்தாலும் அந்த வலை தைக்கப்பட்டுவிடாது. எங்கள் மடி தேடிப் போவது கச்சத்தீவுக்கும் அப்பாலுள்ள கடலைத்தான்.

இப்போது இந்தச் சிக்கலை நம் வெளியுறவு எப்படி நடத்துகிறது? கைது நடக்கிறது. முதலமைச்சர் வெளியுறவு அமைச்சருக்குக் கடிதம் எழுதுகிறார். 2010இல் திறந்த யாழ்ப்பாணத் துணைத் தூதரகம் சிறைக்குப் போய்ப் பார்க்கிறது. கொஞ்ச நாளில் ஆட்கள் வருகிறார்கள், படகு வருவதில்லை. அடுத்த மாதம் மறுபடி கடிதம். 2014இல் இரு நாட்டு மீனவர்களும் சென்னையிலும் கொழும்பிலும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். அது நல்ல தொடக்கம். இழுவையை நிறுத்தக் கால அவகாசம் கேட்டது எங்கள் தரப்பு. இழுவை நின்றால்தான் மற்றதைப் பேசலாம் என்றது அவர்கள் தரப்பு. பேச்சு அங்கே தொங்கியது. 2016 நவம்பரில் அமைச்சர்கள் சந்தித்து ஒரு கூட்டுப் பணிக்குழு அமைத்தார்கள். அது அதிகாரிகளின் குழு. 2017இல் ஆழ்கடல் மீன்பிடிப்புத் திட்டம் வந்தது. 80 லட்ச ரூபாய் படகு, பாதிப் பணம் ஒன்றிய அரசு, ஐந்தில் ஒரு பங்கு மாநில அரசு, மூன்று ஆண்டில் 2,000 படகுகளை மாற்றுவது இலக்கு. இலக்கில் சிறு பகுதிதான் நிறைவேறியது. ஒருநாள் போய் மறுநாள் திரும்பும் ஆளை வாரக்கணக்கில் ஆழ்கடலில் சூரைமீன் பிடிக்கப் போ என்றால், தொழில் தெரிய வேண்டும், ஆள் வேண்டும், வங்கிக்கடன் கட்ட முதல் இரண்டு ஆண்டு தாங்க வேண்டும். திட்டம் எழுதியவர்கள் பாம்பன் பாலத்தடியில் ஒரு மாலை உட்கார்ந்து படகு உரிமையாளர்களான சம்மாட்டிகளிடம் பேசியிருந்தால் இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள்.

கேட்காமல் கோடு போட்டதும், கேட்காமல் திட்டம் போட்டதும் ஒரே பழக்கம்தான். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் கையெழுத்தான இந்திய-இலங்கை ஒப்பந்தமும் இதில் சேரும். இலங்கைத் தமிழரின் வாழ்வைத் தீர்மானிக்க இரண்டு அரசுகள் கையெழுத்திட்டன. தமிழர் தரப்பில் யாரும் கையெழுத்திடவில்லை. அதன்படி அமைதிப்படையாகப் போன இந்தியச் சிப்பாய்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். அங்கே இறந்த தமிழர்களுக்குக் கணக்கு வைக்க யாரும் இல்லை. 1990 மார்ச்சில் படை திரும்பியது. இவ்வளவு பெரிய முடிவுக்கும் உங்கள் அவையின் ஒப்புதல் வாக்கு தேவைப்படவில்லை. 2008 ஜூலை 22 அன்று அமெரிக்க அணுசக்தி உடன்பாட்டுக்காக மக்களவையே கலங்கியதை நாடு பார்த்தது. நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு ஆதரவாக 275, எதிராக 256. ஆனால் அன்றைக்கும் வாக்கெடுப்பு அரசின் மேல்தான். உடன்பாட்டின் வாசகத்தின் மேல் யாரும் வாக்களிக்கவில்லை.

இதற்கு மருந்து என்ன என்று யோசித்து எழுதிவைத்தவர்கள் உண்டு. நீதிபதி வெங்கடாசலய்யா தலைமையிலான அரசியலமைப்பு மீளாய்வு ஆணையம் 2002இல், உடன்படிக்கை செய்யும் அதிகாரத்தை ஒழுங்குபடுத்த 14ஆம் பதிவின் கீழ்ச் சட்டம் இயற்றுங்கள் என்று பரிந்துரைத்தது. ஒன்றிய மாநில உறவுகளை ஆராய்ந்த பூஞ்சி ஆணையம் 2010இல், மாநிலங்களின் நலனைத் தொடும் உடன்படிக்கைகளில் அவற்றை முன்கூட்டியே ஈடுபடுத்த வேண்டும் என்றது. இரண்டு அறிக்கையும் அலமாரியில் இருக்கின்றன. மாறி மாறி ஆண்ட எந்தக் கட்சியும் கையில் எடுக்கவில்லை. அதிகாரத்தில் இருக்கும்போது யாருக்கும் இந்தச் சட்டம் வேண்டியிருக்காது. கட்சி வரம்பு தாண்டி முப்பத்தோரு பேர் உட்காரும் உங்கள் குழுவிடம் நான் வந்ததற்கு அதுவே காரணம்.

ஆகவே கேட்கிறேன். அந்த இரண்டு பரிந்துரைகளையும் வரும் ஆண்டின் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். நிலம், கடல், நதிநீர், மீன், ஆட்கள் குடிபெயர்தல் இவற்றைத் தொடும் உடன்படிக்கைகள் உறுதியாகும் முன் குறிப்பிட்ட நாட்கள் அவையின் முன் இருக்க வேண்டும் என்றும், தொடப்படும் மாநிலத்தின் கருத்து எழுத்தில் பெறப்பட வேண்டும் என்றும் ஒரு சட்ட வரைவைப் பரிந்துரையுங்கள். பாதுகாப்பு இரகசியம் உள்ளவற்றை மூடிய அமர்வில் பாருங்கள், அதில் எனக்கு மறுப்பில்லை. அவசரம் என்றால் கெடுவைக் குறைத்துக்கொள்ளுங்கள். தூதர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லும் தெருவுக்கு வர வேண்டும் என்று கேட்கவில்லை. பேசி முடித்த வாசகம், மை காயும் முன் உங்கள் கைக்கு வர வேண்டும். அவ்வளவே.

பாக் நீரிணைக்கு இன்னொரு கோரிக்கை. கூட்டுப் பணிக்குழுவில் விசைப்படகு, நாட்டுப்படகு இரண்டின் ஆட்களுக்கும், மீன் விற்கும் பெண்களுக்கும் இடம் கொடுக்கச் சொல்லுங்கள். வடமாகாண மீனவர்களுக்கும் அதே இடத்தை இலங்கை கொடுக்குமாறு நம் தூதர் கேட்கட்டும். பாக் நீரிணையில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று இரு நாட்டு விஞ்ஞானிகளும் சேர்ந்து கணக்கெடுக்கட்டும். இழுவையை எந்த ஆண்டுக்குள் நிறுத்துவது, அதுவரை யார் எந்த நாளில் எங்கே போவது, விட்டு வருகிறவருக்கு என்ன தொழில், எவ்வளவு ஈடு என்று எழுத்தில் வரட்டும். எங்கள் கரையிலேயே விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்துக்கொடுத்து ஓட்டுகிறோம். சண்டை போட்டுத்தான் அந்த ஏற்பாட்டுக்கு வந்தோம், ஆனால் வந்தோம். நாள் பிரிக்கத் தெரிந்த கரைக்குக் கடல் பிரிக்கவும் தெரியும்.

சாட்சியம் கேட்க எங்களை டெல்லிக்கு அழைத்தால் வருவோம், ஆனால் பத்துப் பேர்தான் வர முடியும். நீங்கள் இங்கே வருவதே நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். எல்லோரும் வலை தைத்துக்கொண்டும் படகுக்கு வர்ணம் அடித்துக்கொண்டும் ஊரிலேயே இருப்பார்கள். அந்த நாட்களில் ஓர் அமர்வை ராமேசுவரத்தில் வையுங்கள். முடிந்தால் அடுத்ததை, யாழ்ப்பாணத்திலிருந்து ஆட்கள் வரும் திருவிழா நாளில், கச்சத்தீவு மணலில் பேசிப் பாருங்கள். போய்வர விசா வேண்டாம் என்று 5ஆம் பிரிவு சொல்கிறது.

இப்படிக்கு,
பாம்பனிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை